கடற்பாசி: வடக்கில் விளைகிறது, நம் தட்டில் ஏன் இல்லை?

மரைன்டிரைவ் வாசி எழுதியது:

சுப்பர்மார்க்கெட்டில் மகள் நோரி (ஜப்பானியக் கடற்பாசித் தாள்) பக்கெட் ஒன்றைக் கூடைக்குள் போட்டாள். விலையைப் பார்த்தேன். அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் எடுத்துத் திரும்ப வைத்துவிட்டேன். அன்றைக்கு முழுக்க இதே யோசனை. கிளிநொச்சி, யாழ்ப்பாணம், மன்னார் கரைகளில் கடற்பாசி வளர்க்கிறார்கள் என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறது. நன்னீர் வேண்டாம், பசளை வேண்டாம், காணி வேண்டாம், 45 நாளில் அறுவடை. 2021ல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி வயல்காரர் பட்ட பாட்டைப் பார்த்த நாட்டுக்கு இது சின்ன விஷயமா?

உலகத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 35 மில்லியன் தொன் கடற்பாசி எடுக்கிறார்கள். அதில் 97 வீதம் வளர்த்து எடுப்பது. சீனாவும் இந்தோனேசியாவும்தான் முன்னால் நிற்கின்றன. சுற்றிவரக் கடலை வைத்துக்கொண்டு நாம் வெளிநாட்டுப் பாசித் தாளைக் காசு கொடுத்து வாங்குகிறோம். கரையோரச் சனத்தின் சாப்பாட்டில் இது ஏன் சேரவில்லை? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சூடைக்கருவாடு எழுதியது:

அந்த நோரிக் காசுக்குச் சூடை மீன் வாங்கினால் வீடே சாப்பிடலாம். இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி?

உம்மாவின் அடுப்படி எழுதியது:

யார் சொன்னது நாம் சாப்பிடுவதில்லை என்று? நோன்பு காலத்தில் மருதானை, கொட்டாஞ்சேனைப் பக்கம் வந்து பாருங்கள் நானா. கஞ்சிக் கோப்பைக்குப் பக்கத்தில் கடப்பாசித் துண்டு இல்லாத வீடு குறைவு.

இப்போது பெரும்பாலும் பொடியாகவோ கீற்றாகவோ வரும் பாசிப் பசையான அகர் அகர்தான். எங்கள் உம்மம்மா காலத்தில் கற்பிட்டிப் பக்கத்துப் பாசியையே வாங்குவார்களாம். வெளிறிய வைக்கோல் நிறத்தில், நூல் நூலாக, சிப்பித் துணுக்கும் மணலும் சிக்கிக்கொண்டு வரும். அதை ஊறவைத்து, ஒவ்வொரு கொத்தாகப் பிரித்துப் பொறுக்கி, தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். பிறகு அரைத் தேசிக்காய் பிழிந்து நன்றாகக் கொதிக்க விட்டால் பசை இறங்கும். புளிப்பு இல்லாமல் காய்ச்சினால் பாதிப் பசை பாசியிலேயே நின்றுவிடும். வெள்ளைத் துணியில் வடித்து, தேங்காய்ப்பால், சீனி, ரோஸ் சிரப் சேர்த்துத் தட்டில் ஊற்றினால் மின்விசிறிக் காற்றிலேயே இறுகிவிடும். ஃபிரிஜ் தேவையில்லை.

இதில் ஒரு கெட்டித்தனம் இருக்கிறது. அகர் 40 பாகைக்குக் கீழே இறுகும், ஆனால் திரும்ப உருக 85 பாகை வேண்டும். கொழும்பு வெயிலில் ஜெலட்டின் மேசையிலேயே தண்ணீராகும்போது கடப்பாசி அப்படியே நிற்பது அதனால்தான். ஜெலட்டின் எந்த மிருகத்தில் எடுத்தது என்று விசாரிக்கிற வேலையும் மிச்சம். ஆனால் உண்மையைச் சொன்னால், இது சாப்பாடு இல்லை, தீன் பண்டம். வருடத்தில் ஒரு மாதம்.

வலைப்பாட்டுப் பெடியன் எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் வேலைக்காகக் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன், வீடு கிளிநொச்சிக் கரையில் வலைப்பாடு. எங்கள் கரையில் கனபேர் இந்தத் தொழில் செய்கிறார்கள். அம்மாவும் சித்தியும் கயிறு கட்டுகிறவர்கள்தான்.

முதலில், நாங்கள் வளர்ப்பது நோரி இல்லை, கடப்பாசிப் பாசியும் இல்லை. கப்பாபைகஸ் என்கிற செம்பாசி. அதன் பூர்வீகம் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் கடல். அதிலிருந்து எடுக்கும் கராஜீனன் என்கிற பசை ஐஸ்கிரீமில் இருக்கிறது, சொக்கலேட் பாலில் இருக்கிறது, பற்பசையில் இருக்கிறது. லேபலில் ஈ407 என்று பார்த்தால் அதுதான். அதனால் நீங்கள் கடற்பாசி சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள் அண்ணா, ஊர்ப் பாசியா வெளியூர்ப் பாசியா என்பதுதான் தெரியாது.

வேலை இப்படி. கரையில் நிழலில் உட்கார்ந்து கைப்பிடியில் அடங்கும் விதைத் துண்டுகளைக் கயிற்றில் சாண் இடைவெளிக்கு ஒன்றாகக் கட்டுவார்கள். விதை காயக் கூடாது, அதனால் ஈரச்சாக்கு மூடியபடியே இருக்கும். கடல் வற்றியிருக்கிற நேரம் பார்த்து இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கம்புகளுக்கு நடுவே கட்டிவிடுவார்கள். அப்புறம் சும்மா இருக்க முடியாது. கயிற்றில் சேறும் வேறு பாசியும் படியும், ஒவ்வொரு நாளும் உலுப்பிவிட வேண்டும். ஓரா மீன் கூட்டம் வந்தால் நுனியெல்லாம் கடித்துவிடும். சோளகக் காற்றில் கயிறு அறும். மாரி மழையில் கடலின் உப்புக் குறைந்தால் தண்டு வெள்ளையாகி இற்று விழும், ஐஸ்-ஐஸ் நோய் என்பார்கள். தண்ணீர் கூடச் சூடானாலும் இதே கதை. 45 நாளில் அறுவடை என்று பத்திரிகையில் போடுகிறார்கள், இந்த 45 நாளில் என்ன நடக்கும் என்று போடுவதில்லை.

காயப் போட்டால் 10 கிலோ ஈரப்பாசி 1 கிலோவாகிவிடும். மணலில் போட்டால் விலை இறங்கும், தட்டி கட்டி அதன் மேல்தான் காய வைக்க வேண்டும்.

இவ்வளவு கஷ்டத்திலும் ஏன் செய்கிறார்கள் என்றால், 2022ல் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளமெல்லாம் கரையில் கிடந்தபோது பாசிக்குப் போக எஞ்சின் தேவைப்படவில்லை. நடந்து போனார்கள், நடந்து வந்தார்கள். பெண்களின் கையில் நேராகக் காசு வருகிற தொழில் எங்கள் கரையில் வேறு அதிகம் இல்லை.

சாப்பிடுகிறார்களா என்றால், இல்லை. அது விற்கிற சாமான்.

மரைன்டிரைவ் வாசி எழுதியது:

அருமை தம்பி. ஆனால் கடைசி வரிதான் இடிக்கிறது. பிலிப்பைன்ஸில் இதே பாசியைத்தானே குசோ என்று சலட் போட்டுச் சாப்பிடுகிறார்கள்? சாப்பிடக்கூடிய பொருளை மொத்தமாகக் காயவைத்துக் கப்பலேற்றிவிட்டு, "கரையோர மக்களின் எதிர்கால உணவு" என்று கருத்தரங்கு வைப்பது என்ன நியாயம்?

கொழும்பு6 டயட்டீசியன் எழுதியது:

எதிர்கால உணவு என்கிற இடத்தில் நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும்.

நோரியில் உலர்ந்த நிறையில் 30 முதல் 40 வீதம் புரதம் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். பொய் இல்லை. ஆனால் ஒரு தாள் 3 கிராம். அதில் கிடைப்பது 1 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. கப்பாபைகஸில் புரதம் நோரியைவிடவும் குறைவு. அதில் கிடைப்பது பெரும்பாலும் நார்ச்சத்தும் தாது உப்புகளும். ஆகவே மீனுக்குப் பதிலாகப் பாசி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கீரை இடத்தில் வைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும். வல்லாரைச் சம்பலைப் பசியாற யாரும் சாப்பிடுவதில்லை, அதற்காக வல்லாரை வேண்டாம் என்றும் சொல்வதில்லை.

அடுத்தது அயடின். வளர்ந்தவருக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250 போதும். நம் நாட்டில் 1995 முதல் உப்பிலேயே அயடின் சேர்ப்பது கட்டாயம். அதனால் அயடினுக்காகப் பாசி தேட வேண்டிய நிலையில் பெரும்பாலானோர் இல்லை. ஜப்பானிய கொம்பு என்கிற பழுப்புப் பாசியில் 1 கிராமிலேயே ஒரு நாள் மேல் எல்லையைத் தாண்டும் அளவுக்கு அயடின் இருக்கலாம். தைரொயிட் பிரச்சினை உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் கொம்பு சூப் குடிக்க வேண்டாம். கொரியாவில் பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கடற்பாசி சூப் கொடுப்பார்கள், அதைப் பார்த்து இங்கேயும் சிலர் பத்தியத்துக்கு வாங்கிக் காய்ச்சுகிறார்கள். அளவு பார்க்க வேண்டும், தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் போகும். செம்பாசிகளில் அயடின் பொதுவாக இதைவிட வெகு குறைவு.

ஹிஜிகி என்று ஒரு கறுப்புப் பாசி விற்கிறார்கள். அதில் கனிம ஆர்செனிக் அதிகம், பிரித்தானிய உணவுத் தர நிறுவனம் சாப்பிட வேண்டாம் என்றே சொல்கிறது. விலை கொடுத்து விஷம் வாங்காதீர்கள்.

சைவக்காரருக்கும் ஒரு சொல். பி12க்கு நீலப்பச்சைப் பாசியான ஸ்பைருலினா மாத்திரை எடுத்தால் போதும் என்பது தவறு. அதில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்புக்கு உதவாத போலி பி12.

முகத்துவாரம் எழுதியது:

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு வருகிறேன். ஒன்று கேட்கலாமா? கருத்தரங்கில் கோட் போட்டவர் "கரையோர ஏழை மக்கள் கடற்பாசி சாப்பிடப் பழக வேண்டும்" என்பார். பிறகு மதியச் சாப்பாட்டுக்கு அறக்குளா பொரியல் எடுப்பார். கரையில் பிடித்த நல்ல மீனெல்லாம் பேலியகொடை மீன் சந்தைக்கு வந்து நம் சமையலறைக்குப் போகிறது. பிடித்தவன் வீட்டுக்குப் பாசியா? முதலில் கொழும்பு சாப்பிட்டுக் காட்டட்டும். நன்றாக இருந்தால் அவர்களும் சாப்பிடுவார்கள். சோறு கறி தெரிந்த சனத்துக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சூடைக்கருவாடு எழுதியது:

👏 இதைத்தான் நான் ஒரு வரியில் சொன்னேன்.

தெஹிவளைத் தோழி எழுதியது:

கொழும்பு சாப்பிட்டுக் காட்டுவது என்றால், வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளை வரைக்கும் ரயில் பாதைக்குக் கீழே கல்லெல்லாம் பச்சைப் பசேலென்று ஒரு பாசி ஒட்டியிருக்கிறதே, மெல்லிய லெட்டூஸ் இலை போல. இணையத்தில் தேடினேன், உல்வா என்கிறார்கள், சாப்பிடலாம் என்றும் போட்டிருக்கிறது. காசும் இல்லை. பிடுங்கிக்கொண்டு வரலாமா?

காக்கைத்தீவு எழுதியது:

வேண்டாம் தங்கச்சி, தயவுசெய்து வேண்டாம்.

உல்வா சாப்பிடக்கூடியதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது ஏன் அந்த இடத்தில் அவ்வளவு செழிப்பாக இருக்கிறது என்று பாருங்கள். வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் அங்கேதான் கடலில் விழுகின்றன. நகரத்தின் கழிவுநீரைக் கடலுக்குள் கொண்டுபோய் விடும் இரண்டு பெரிய குழாய்களில் ஒன்று முகத்துவாரத்தில், மற்றது வெள்ளவத்தையில். நைட்ரஜன் கூடின தண்ணீர் உல்வாவுக்கு விருந்து. பாசிக்கு வேர் கிடையாது, தன்னைச் சுற்றியிருக்கும் தண்ணீரிலிருந்து உடம்பு முழுவதாலும் உறிஞ்சும். நல்ல சத்தையும் அப்படித்தான் எடுக்கிறது, ஈயம், கட்மியம் இருந்தால் அதையும் அப்படித்தான். கழுவினால் மண் போகும், உறிஞ்சியது போகாது.

களனி ஆறு விழுகிற வடக்குப் பக்கமும் இதே நிலைமை. அதற்கும் மேலாக, 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 25 தொன் நைட்ரிக் அமிலம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொன் பிளாஸ்டிக் மணிகள். நீர்கொழும்பிலிருந்து தெற்கு வரைக்கும் வெள்ளை வெள்ளையாகக் கரை ஒதுங்கியது. உலகத்தில் கடலில் கொட்டிய பிளாஸ்டிக் மணிகளில் அதுதான் மிகப் பெரிது என்று ஐ.நா. சொன்னது.

கொழும்புக் கரையில் வளர்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதற்கும் கடல் விடாது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் அலை அடிக்கிற அடிக்குக் கயிறு நிற்காது, மறைப்பான ஆழம் குறைந்த கடலும் இல்லை. பாக்கு நீரிணைப் பக்கம் அது இருப்பதால்தான் அங்கே முடிகிறது. எந்தப் பாசி, எந்தத் தண்ணீர் என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஆய்வுகூடத்தில் பார்க்க வேண்டும். மட்டக்குளி காக்கைத்தீவில் இருக்கும் நாரா என்கிற அரச நிறுவனத்தின் வேலையே கடல் வள ஆராய்ச்சிதான். நான் அங்கே வேலை செய்யவில்லை, பக்கத்து ஒழுங்கையில் குடியிருக்கிறேன், அவ்வளவுதான் 🙂

பவளப்பாறை எழுதியது:

எல்லோரும் பாசிக்கு மாலை போடுகிறீர்கள். "நிலைபேறான" என்று ஒட்டிவிட்டால் எல்லாம் சரியா?

கப்பாபைகஸ் நம் கடலுக்கு அந்நியம். தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு மண்டபம் பக்கம் பெரிய அளவில் வளர்த்தார்கள். அங்கிருந்து தப்பிய துண்டுகள் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேல் பாய் விரித்த மாதிரி ஏறிவிட்டதை 2008ல் அறிவியலாளர்கள் எழுதினார்கள். வெயில் படாமல் அடியில் இருக்கிற பவளம் சாகும். முறிந்த ஒரு துண்டிலிருந்தே முழுச்செடி வளர்கிற பாசி இது. அந்தக் கடலுக்கும் நம் கடலுக்கும் நடுவில் மதில் இல்லை.

கடற்புல்லையும் பாருங்கள். கயிறும் மிதவையும் போடுகிற ஆழம் குறைந்த இடம்தான் கடற்புல் வளர்கிற இடமும். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் அங்கேதான், கடற்பசு மேய்வதும் அங்கேதான். மேலே நிழல் விழுந்தால் புல் போகும். புல் போனால் மீன் போகும். மீன்காரனுக்குப் பாசி கொடுத்து மீனை எடுத்த கதையாக முடியும்.

வலைப்பாட்டுப் பெடியன் எழுதியது:

அக்கா சொல்வதில் குருசடை விஷயம் உண்மை. ஆனால் இந்தியாவில் அதே பாசி 2013, 2014ல் சூட்டில் கூட்டமாகச் செத்துத் தொழிலே படுத்ததும் உண்மை. தன்பாட்டில் ஊரெல்லாம் பரவுகிற சாமானாக இருந்தால் எங்கள் சனம் ஏன் விதைக்கு அலைகிறது?

கடற்புல்லுக்கு மேல் போடக் கூடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். இடம் குறித்துக் கொடுப்பது நக்டாவின், அதாவது தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. வலை இழுக்கிற பாதையை மறைத்தாலும் ஊருக்குள் சண்டை வரும், வந்தும் இருக்கிறது. ஆனால் ஒன்று அக்கா, கடற்புல்லை வேரோடு வழித்துக்கொண்டு போவது எங்கள் கயிறு இல்லை. இரவில் இழுவைப் படகு வந்து போன மறுநாள் காலையில் கரைக்கு வந்து பாருங்கள், ஒதுங்கிக் கிடக்கிற சாதாளையின், அதாவது அறுந்த கடற்புல்லின் குவியலே சொல்லும்.

நடத்துநர் எழுதியது:

இழுவைப் படகுக்குத் தனி இழை ஓடுகிறது. இங்கே பாசி மட்டும். 11 பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன்.

பவளப்பாறை எழுதியது:

சரி தம்பி, இழுவைப் படகில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் அந்நியப் பாசி விஷயத்தில் இல்லை. உள்ளூர் கிரசிலேரியா, கஞ்சிப் பாசி என்று ராமேஸ்வரம் பக்கம் சொல்வது, நம் கடலிலேயே இருக்கிறது, கற்பிட்டியில் இருக்கிறது. அதை வளர்க்கப் பழக்கினால் அந்த அக்காவின் கடப்பாசிச் சட்டிக்கே போகும். காட்டில் பொறுக்குகிற மாதிரி எடுத்து முடிக்காமல் வளர்த்து எடுத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

முகத்துவாரம் எழுதியது:

காசுக் கணக்கை யாரும் பேசவில்லையே. சான்சிபாரில் 1980களின் கடைசியில் இதே தொழில் தொடங்கியது, செய்கிறவர்களில் பெரும்பான்மை பெண்கள். நல்ல விலை போகிற பாசி கடல் சூடாகிச் சாகத் தொடங்கியதும் விலை குறைந்த இன்னொரு ரகத்துக்கு மாற வேண்டியதாயிற்று. வாங்குகிறவர் சொல்வதே விலை. பிறகு அங்கேயே சிலர் பாசியில் சவர்க்காரம், பொடி என்று செய்து விற்கத் தொடங்கினார்கள், அப்போதுதான் கையில் கொஞ்சம் நின்றது.

நம் கரையிலும் உலர்ந்த பாசி மூட்டையாகத்தான் போகிறது. உள்ளூரில் கொஞ்சமாவது சாப்பிடுகிற பழக்கம் வந்தால் வாங்குவதற்கு இரண்டாவது ஆள் கிடைப்பான். எனக்கு அயடினும் வேண்டாம், புரதமும் வேண்டாம். கொம்பனிக்காரன் விலை இறக்குகிற நாளில் "சரி, கொழும்புக்குப் போடுகிறோம்" என்று சொல்ல ஒரு வழி இருந்தால் போதும். கொழும்புக்காரன் பாசி தின்ன வேண்டியது அதற்காகத்தான்.

உம்மாவின் அடுப்படி எழுதியது:

இந்த இழையை வாசித்துவிட்டு அந்தத் தம்பியிடம் ஒரு பொட்டலம் வாங்கினேன் (தம்பி, காசு வாங்க மாட்டேன் என்றது சரியில்லை). செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

பொட்டலத்தில் உப்புப் பூத்து, சுருண்டு, தொட்டால் நொறுங்குகிற மாதிரி இருந்தது. உப்பைத் தட்டிக் கழுவி நல்ல தண்ணீரில் ஊறப்போட்டேன். இரவு படுக்கும் முன் பார்த்தால் சட்டி நிறையப் பெருத்து, கண்ணாடி போலத் தெளிவாக, கடித்தால் நறுக்கென்றது. மணம் கொஞ்சம் இருந்தது. தண்ணீர் மாற்றித் தேசிக்காய் பிழிந்ததும் அடங்கிவிட்டது.

முதலில் வறை. தேங்காய்ப்பூ, மஞ்சள், பச்சை மிளகாய் போட்டுக் கீரை வறை மாதிரிச் சட்டியில் போட்டேன். சூட்டில் பசை விட்டுக் கொழகொழ என்று ஆகிவிட்டது, பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நெருப்பு இதற்கு ஆகாது. அடுத்த பங்கைக் கொதிநீரில் போட்டவுடனே எடுத்துக் குளிர்நீரில் அலசி, பொடியாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி, கொஞ்சம் மாசித் தூள், தேங்காய்ப்பூவோடு பிசைந்து சம்பலாக்கினேன். உப்பு போடவே தேவையில்லை, பாசியில் இருப்பதே காணும். இது நன்றாக வந்தது. சோற்றுக்கும் பருப்புக்கும் பக்கத்தில் பொருந்துகிறது, பிட்டுக்கு இன்னும் பொருத்தம். வாப்பா இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார், அவர் லேசில் கேட்கிறவர் இல்லை.

பிசைந்த உடனே சாப்பிட வேண்டும். வைத்தால் தண்ணீர் விடும்.

தெஹிவளைத் தோழி எழுதியது:

மாசி இல்லாமல் சைவத்துக்குச் சரிவருமா?

உம்மாவின் அடுப்படி எழுதியது:

வரும். மாங்காய்த் துருவல் சேர்த்துப் பாருங்கள், தேசிக்காயைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பு6 டயட்டீசியன் எழுதியது:

பிரஷர் உள்ளவர்கள் நன்றாக ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றுங்கள். அந்த வெள்ளைப் பூப்பில் சோடியமும் இருக்கிறது, பொட்டாசியமும் இருக்கிறது. சிறுநீரக நோயாளிகள் தொட வேண்டாம்.

சூடைக்கருவாடு எழுதியது:

எல்லாம் சரி. தம்பி, அந்தப் பாசி நுனியெல்லாம் கடித்துக் கொழுத்த ஓரா கிலோ என்ன விலை போகிறது உங்கள் கரையில்?

வலைப்பாட்டுப் பெடியன் எழுதியது:

அது விற்பனைக்கு வராது அண்ணா. பாசியைத் தின்ற கோபத்தில் அம்மா அன்றைக்கே குழம்பு வைத்துவிடுவா. சம்பலுக்குப் பாசி வேண்டுமென்றால் சொல்லுங்கள், தட்டியில் காய வைத்த மணலில்லாத சாமான், அடுத்த முறை ஊருக்குப் போய் வரும்போது கொண்டுவருகிறேன். இந்தத் தடவை காசு வாங்குவேன்.